ஈறு நோயை வெப்பக் கேமரா காட்டுமா? தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கேள்வி

தண்டையார்பேட்டை மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 61. பல வருடமாக சுகர் உண்டு, பீடியையும் இன்னும் முழுசாக விடவில்லை. கீழ்வரிசை முன்பற்களில் இரண்டு லேசாக ஆடுகின்றன, வாய் நாற்றமும் இருக்கிறது. ஆனால் பல் தேய்க்கும்போது ரத்தம் வருவதில்லை. அதனால் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்பார்.

எங்கள் தெருப் பக்கம் ஒரு தனியார் கிளினிக் இலவச முகாம் போட்டது. அங்கே உதட்டை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக்கை வாயில் மாட்டி, செல்போனில் செருகியிருந்த ஒரு சின்ன வெப்பக் கேமராவால் படம் எடுத்தார்கள். திரையில் கடைவாய்ப் பக்கம் இரண்டு புறமும் சிவப்பு, மஞ்சள்; முன்பக்கம் முழுக்க நீலம். "சிவப்பு இருக்கிற இடமெல்லாம் ஈறு நோய், நீலம் நல்ல ஈறு. கடைவாயில் நாலு பக்கமும் ஈறைத் திறந்து சுத்தம் செய்யணும்" என்று சொல்லி எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். தொகை பெரியது. கம்பி வைத்து அளந்து பார்க்கவில்லை, எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை.

இந்தப் படத்தை நம்பி ஆபரேஷனுக்குப் போகலாமா? ஆடுகிற பல் முன்பக்கம் இருக்கும்போது அங்கே எப்படி நீலமாகத் தெரியும்?

கொருக்குப்பேட்டை அக்கா

எங்கள் வீட்டிலும் அதே முகாமுக்குப் போனோம் என்று நினைக்கிறேன். மாமியார் படத்தைப் பார்த்ததும் சொன்னது: "நான் அப்பவே சொன்னேனே, உடம்பு சூடுன்னு. பாரு, சிவப்பாவே தெரியுது." அன்றிலிருந்து இளநீர், ஊறவைத்த வெந்தயம், சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். ஈறு வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. உடம்புச் சூட்டைத்தான் அந்த கேமரா காட்டுகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஹாட்ஸ்பாட்

எனக்குப் பல் வைத்தியம் தெரியாது. ஆனால் அத்திப்பட்டுப் பக்கம் மின் பராமரிப்பு வேலையில் இருப்பவன், இந்த கேமரா தினமும் என் கையில் இருக்கிறது. பேனலில், டிரான்ஸ்ஃபார்மரில் எந்த ஜாயின்ட் சூடாகிறது என்று இதை வைத்துத்தான் பிடிக்கிறோம். அதனால் கேமரா பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் விஷயம், நிறம். கேமரா ஆட்டோவில் இருந்தால், எதிரே என்ன இருந்தாலும் அதில் அதிகச் சூடான இடத்தைச் சிவப்பாக்கி, குறைந்த இடத்தை நீலமாக்கிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் 60 டிகிரியாகவும் இருக்கலாம், அரை டிகிரியாகவும் இருக்கலாம். படம் ஒரே மாதிரிதான் தெரியும். நோயே இல்லாத வாயை எடுத்தாலும் எங்கோ ஓர் இடம் சிவந்தே தீரும். ஓரத்தில் இருக்கும் வண்ணப்பட்டையில் மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண் போட்டிருக்கும். அந்த எண் இல்லாத படத்தை எங்கள் ரிப்போர்ட்டில் வாங்க மாட்டோம். தங்கச்சி, உங்கள் கையில் இருக்கும் படத்தில் எண் இருக்கிறதா பாருங்கள்.

இரண்டாவது, துல்லியம். செல்போனில் மாட்டுகிற கேமராக்களில் பலவற்றுக்கு 80×60 அல்லது 160×120 புள்ளிகள்தான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கும் ஈறு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்குமா? கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் ஒரே புள்ளியில் பல்லும் ஈறும் எச்சிலும் கலந்துவிடும். அதோடு, காட்டுகிற டிகிரி கூடக் குறைய 2, 3 டிகிரி தப்பலாம் என்று இந்த வகைக் கேமராக்களின் கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் ஒரே படத்துக்குள் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை நன்றாகவே பிடிக்கும். அதனால்தான் நாங்கள் மூன்று ஃபேஸையும் ஒரே ஃப்ரேமில் வைத்து, ஒரே லோடில் எது மட்டும் தனியாகச் சூடாகிறது என்று பார்க்கிறோம்.

மூன்றாவது, இது எக்ஸ்ரே இல்லை. மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். பேனல் கதவை மூடிவிட்டால் உள்ளே ஜாயின்ட் கருகினாலும் கதவின் சூடுதான் தெரியும். தண்ணீரும் அப்படித்தான். இந்த கேமராக்கள் 8 முதல் 14 மைக்ரான் வரையுள்ள அகச்சிவப்பைப் பார்ப்பவை, அதை மறைக்க மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன் தண்ணீர் போதும். ஈறு மேல் எச்சில் இருந்தால் எச்சிலின் சூட்டைத்தான் படம் பிடித்திருக்கிறீர்கள். அப்பா வாயைத் திறந்தபடி மூச்சு விட்டிருந்தால் முன்பக்க எச்சில் காற்றில் உலர்ந்து அந்த இடம் குளிர்ந்திருக்கும். முன்பக்கம் நீலமாகத் தெரிந்ததற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம்.

பெரம்பூர் ஈறு டாக்டர்

நான் ஈறு நோய் சிகிச்சையில் எம்.டி.எஸ். படித்தவன். நேரில் பார்க்காமல் உங்கள் அப்பாவுக்கு என்ன என்று இங்கே சொல்ல முடியாது. ஆனால் ஹாட்ஸ்பாட் சொன்னதை வைத்துக்கொண்டு மருத்துவப் பக்கத்தைச் சொல்லலாம்.

ஈறு நோய் இருக்கிறதா, எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க முதலில் எடுப்பது ஒரு மெல்லிய கம்பிதான். ப்ரோப் என்போம், அதில் மில்லிமீட்டர் கோடு இருக்கும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளப்போம். 1 முதல் 3 மி.மீ. வரை இறங்கினால் பொதுவாகக் கவலை இல்லை. 4, 5 என்று போனால் பாக்கெட், அதாவது பல்லை விட்டு ஈறு விலகிய பள்ளம், உருவாகிறதா என்று பார்க்க வேண்டும், 6-க்கு மேல் போனால் தீவிரமானது. அளக்கும்போது ரத்தம் கசிகிறதா, ஈறு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, பல் எவ்வளவு ஆடுகிறது என்பதையும் குறிப்போம். எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கு எக்ஸ்ரே. இதையெல்லாம் வைத்துத்தான் நிலை 1 முதல் 4 வரை, வேகம் ஏ, பி, சி என்று வகைப்படுத்துகிறோம். 2018-இல் வெளியான உலக அளவிலான வகைப்பாடு அது. மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 7-ஐத் தொட்டாலோ, ஒரு நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தாலோ வேகம் மிக அதிகமான 'சி'-க்குப் போய்விடும் என்பதும் அதில் உண்டு.

பாக்கெட்டின் அடி எங்கே இருக்கிறது என்பது வெப்பப் படத்தில் தெரியாது. எலும்பும் தெரியாது. இந்த இரண்டும் தெரியாமல் ஈறைத் திறக்கும் ஆபரேஷனை முடிவு செய்ய முடியாது. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கு ரத்தம் வராததைப் பற்றி. புகை பிடிப்பவர்களின் ஈறில் ரத்தக் கசிவும் சிவப்பும் குறைவாகத் தெரியும். நோய் உள்ளே நடந்துகொண்டே இருக்கும், வெளியே அறிகுறி அடங்கியிருக்கும். பீடி பிடிப்பவர் "ரத்தமே வரல டாக்டர்" என்று சொல்லும்போது நான் கூடுதல் கவனத்தோடு அளப்பேன். ரத்த ஓட்டம்தான் மேற்பரப்புச் சூட்டைத் தருகிறது என்பதால், கேமராவும் அதே இடத்தில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது.

கொருக்குப்பேட்டை அக்காவுக்கு: அழற்சி இருக்கும் இடத்தில் ரத்தம் அதிகமாகப் பாய்வதால் அந்த இடம் மட்டும் சூடாகும். சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று பழைய ரோம் காலத்து செல்சஸ் எழுதி வைத்த நான்கு அடையாளங்களில் ஒன்று அது. கிருமிப் படலமும், அது கெட்டியாகிப் படியும் காரையும் பல்லோடு ஒட்டியிருப்பதால் வருகிற சூடு, எண்ணெய்க் குளியலால் போகாது. இளநீர் குடிக்கட்டும், ஆனால் காரையை எடுக்கத்தான் வேண்டும். மாமியாருக்கு சுகர் இருந்தால் இளநீரிலும் அளவு பார்க்கச் சொல்லுங்கள்.

காசிமேடு கரையோரம்

டாக்டர் சொல்வது சரி. ஆனால் நான் வேறு பக்கத்திலிருந்து பேச வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் சில நண்பர்களோடு சேர்ந்து மருத்துவ முகாம் நடத்துகிறோம். கண் முகாம் என்றால் வரிசையில் நிற்கிறார்கள். பல் முகாம் என்றால் மேசைக்குக் கிட்டேயே வருவதில்லை. கம்பியைப் பார்த்தாலே "பல்ல ஆட்டி விட்ருவாங்க" என்று நகர்ந்துவிடுகிறார்கள். படகிலிருந்து இறங்கி வந்தவர் வலி இல்லாத பல்லுக்காக இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்.

தொடாமல், வலிக்காமல், கதிர்வீச்சு இல்லாமல் ஒரு படம் எடுத்து, "அண்ணே, இந்தப் பக்கம் மட்டும் ஏன் இப்படி இருக்கு பாருங்க" என்று காட்டினால் அவர் நிற்பார். திரையில் தன் வாயைப் பார்த்தவர் கேள்வி கேட்பார். கேள்வி கேட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். கூட்டத்திலிருந்து யாரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிக்க மட்டும் இதை வைத்துக்கொண்டால் என்ன தப்பு?

ராயபுரம் லேப்

தப்பு எங்கே வரும் என்றால், நீலமாகத் தெரிந்தவரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பும்போது.

மார்பகப் புற்றுநோய்க்கு இதே கதை நடந்திருக்கிறது. தெர்மோகிராஃபி என்ற பெயரில், தொட வேண்டாம், அழுத்த வேண்டாம், கதிர்வீச்சு இல்லை என்று விளம்பரம் செய்தார்கள். மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு அது மாற்று இல்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இல் எச்சரித்து, 2019-இல் மறுபடியும் எச்சரிக்க வேண்டியிருந்தது. கூடுதல் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம், தனியாக அதை நம்பக் கூடாது என்பதுதான் அவர்கள் சொன்னது.

காசிமேட்டில் வருபவர்களில் பாதிப் பேராவது பீடி, ஹான்ஸ், மாவா ஏதாவது ஒன்று போடுபவர்களாக இருப்பார்கள், இல்லையா? டாக்டர் சொன்னபடி பார்த்தால் கேமரா தவறவிடுவது முதலில் புகை பிடிப்பவர்களை. மாவா போடுபவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு இருக்கிறதா, வாய் முழுசாகத் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். அதற்கு டார்ச்சும் கையும்தான் வேண்டும்.

காசிமேடு கரையோரம்

ஒத்துக்கொள்கிறேன், யாரையும் "ஒன்றுமில்லை" என்று அனுப்ப மாட்டோம். ஆனால் இந்தத் துறையில் இதற்கு எந்த அடிப்படையுமே இல்லையா டாக்டர்? சூடு அழற்சியின் அடையாளம் என்றால் யாராவது அளந்து பார்த்திருப்பார்களே.

பெரம்பூர் ஈறு டாக்டர்

நன்றாகவே அளந்திருக்கிறார்கள், ஆனால் கேமராவால் அல்ல. ப்ரோப்பின் நுனியிலேயே வெப்பம் அளக்கும் சென்சாரை வைத்து, பாக்கெட்டுக்குள் இறக்கி, நாக்குக்கு அடியில் இருக்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டார்கள். 1992-இல் பாஸ்டனில் இருக்கும் ஃபோர்சைத் பல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் இதைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். நோய் இருக்கும் இடங்கள் சராசரியாகச் சூடாக இருந்தன என்பது உண்மை. அந்தக் கருவி விற்பனைக்கும் வந்தது. ஆனாலும் இன்று எந்த கிளினிக்கிலும் அதை நீங்கள் பார்ப்பது அரிது.

காரணம், நோய் இல்லாத வாயிலேயே எல்லா இடமும் ஒரே சூட்டில் இருக்காது. கடைவாய்ப் பக்கம் முன்பக்கத்தைவிடச் சூடு, கீழ்வரிசை மேல்வரிசையைவிடச் சூடு. இயற்கையான இந்த ஏற்ற இறக்கமே நோயால் வரும் வித்தியாசத்தோடு போட்டி போடும். அதனால் ஒரே ஓர் எண்ணை வைத்து 'இதற்கு மேல் நோய்' என்று கோடு கிழிக்க முடியவில்லை. அந்தந்தப் பல்லுக்கு இயல்பாக இருக்க வேண்டிய சூட்டோடுதான் ஒப்பிட வேண்டும். இப்போது முதல் பதிவை மறுபடி படியுங்கள். கடைவாய் இரண்டு புறமும் சிவப்பு, முன்பக்கம் நீலம். ஆரோக்கியமான வாயை ஆட்டோ வண்ணத்தில் எடுத்தாலும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்.

கேமராவுக்கு நான் எதிரி இல்லை. இரண்டு இடத்தில் அது எனக்கு உதவும் என்று நம்புகிறேன். ஒன்று, க்ளீனிங்குக்கு முன்னும் சில வாரம் கழித்தும் அதே ஆளுக்கு, அதே நிலைமையில் எடுத்து ஒப்பிடுவது. எக்ஸ்ரே இதுவரை கரைந்த எலும்பைத்தான் காட்டும். அழற்சி இப்போது எரிந்துகொண்டிருக்கிறதா, அடங்குகிறதா என்று அதில் தெரியாது. இரண்டாவது, ஒரே வாயில் வலப்பக்கக் கடைவாயையும் இடப்பக்கக் கடைவாயையும் ஒப்பிடுவது. ஒரு பக்கம் மட்டும் தெளிவாகச் சூடு என்றால் அங்கே முதலில் ப்ரோப்பை வைப்பேன்.

ப்ரோப் பல்லை ஆட்டிவிடும் என்ற பயம் பற்றி ஒரு வார்த்தை. அதை 20, 25 கிராம் அழுத்தத்தில்தான் இறக்குகிறோம். க்ளீனிங் செய்த பிறகு பல் ஆடுகிறது என்று சொல்பவர்களுக்கு, எலும்பு கரைந்த பல்லை அதுவரை காரைதான் பிடித்து வைத்திருந்தது. காரையை எடுத்ததும் உண்மையான ஆட்டம் தெரிகிறது. ஈறு இறுகும்போது ஓரளவு ஆட்டம் குறையவும் செய்யும்.

ஹாட்ஸ்பாட்

டாக்டர் 'அதே நிலைமையில்' என்றாரே, அதில்தான் எல்லாம் இருக்கிறது. யாராவது எடுக்கப் போகிறீர்கள் என்றால் என் பக்கத்திலிருந்து சில வார்த்தை. டீ குடித்துவிட்டு உடனே உட்காரக் கூடாது, பீடியும் கூடாது; கால் மணி நேரமாவது அந்த அறையிலேயே சும்மா இருக்கட்டும். ஃபேன் முகத்துக்கு நேரே ஓடக் கூடாது. ஈறைப் பஞ்சால் ஒற்றிவிட்டு, மூக்கால் மூச்சு விடச் சொல்லி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே தூரம். வண்ணப்பட்டையை ஆட்டோவிலிருந்து எடுத்து, இத்தனை டிகிரியிலிருந்து இத்தனை வரை என்று பூட்டிவிட வேண்டும். ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பத்தை வெளியே விடும் என்பதைக் குறிக்கும் எமிசிவிட்டியை ஈரமான தோலுக்கும் ஈறுக்கும் 0.98 பக்கம் வைத்தால் சரி.

உலோகக் கேப் போட்ட பல் இருந்தால் அந்த இடத்தின் எண்ணை நம்பாதீர்கள். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாது, எதிரே இருப்பவர் முகத்தின் சூட்டைப் பிரதிபலிக்கும். எங்களுக்கு பஸ்பாரில், அதாவது மின்சாரம் ஓடும் உலோகப் பட்டையில், இதே தொல்லை. அதில் கறுப்பு டேப் ஒட்டி, டேப்பை அளப்போம். வாயில் அதைச் செய்ய முடியாது. நாக்குப் பக்கத்து ஈறைச் சாதாரணக் கண்ணாடி வைத்து எடுக்கவும் முடியாது, பின்பக்கம் பூச்சு உள்ள கண்ணாடி இந்த அலைகளை விழுங்கிவிடும். முன்பரப்பிலேயே உலோகப் பூச்சு உள்ள கண்ணாடி வேண்டும்.

தண்டையார்பேட்டை மகள்

ஹாட்ஸ்பாட் அண்ணா, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வண்ணப்பட்டையில் மேலே 35.6, கீழே 33.9 என்று இருக்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் இரண்டு டிகிரிகூட இல்லை.

டாக்டர், இதைக் காட்டி அப்பாவை எங்கே அழைத்துப் போகலாம்? இப்போதைக்கு வெளியில் செலவு செய்கிற நிலைமை இல்லை.

பெரம்பூர் ஈறு டாக்டர்

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் பீச், அங்கிருந்து மாறினால் அடுத்த ஸ்டேஷன். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடுங்கள். ஈறு நோய்ப் பிரிவில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். சுகர் ரிப்போர்ட்டும் அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும், ரத்தம் இளக மாத்திரை எடுக்கிறார் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை டிபனையும் சுகர் மாத்திரையையும் தவிர்க்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை மகள்

போய்விட்டு வந்தோம். கூட்டம் அதிகம், ஆனால் பொறுமையாகப் பார்த்தார்கள். ஒரு டாக்டர் அளந்துகொண்டே எண்களைச் சொல்ல, இன்னொருவர் அட்டையில் எழுதினார். "மூணு, ரெண்டு, மூணு" என்று வந்துகொண்டிருந்தது, கீழ்வரிசை முன்பற்களுக்கு வந்ததும் "ஆறு, அஞ்சு, ஏழு" ஆனது. அப்பா அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் "ஒண்ணும் இல்ல" என்று சொல்லவில்லை.

முன்பக்கம் நீலமாகத் தெரிந்த இடத்தில்தான் ஆழம் அதிகம், எக்ஸ்ரேயிலும் அங்கே எலும்பு இறங்கியிருக்கிறது. வலது கடைவாயில் ஒரு பல்லில் 6. அந்த இடம் படத்திலும் சிவப்புதான். இடது கடைவாயில் எல்லாமே 3-க்குள், ஆனால் படத்தில் அதுவும் அதே சிவப்பு. எச்பிஏ1சி 8.4. இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சே இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வார்களாம், அதன் பிறகு மறுபடி அளப்பார்களாம். பீடியை நிறுத்தச் சொல்லி அப்பாவிடம் அந்த டாக்டரே தனியாக உட்கார்ந்து பேசினார்.

பெரம்பூர் ஈறு டாக்டர்

சரியான வழியில் போகிறது. சுத்தம் செய்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அளந்தால் எத்தனை பாக்கெட் குறைந்திருக்கிறது என்று தெரியும். அப்போதும் 6 மி.மீ. அளவில் மிஞ்சுகிற இடத்துக்குத்தான் ஈறைத் திறப்பது பற்றி யோசிப்பார்கள். சுகர் பார்க்கும் டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 அளவு குறைவதாக பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்வு சொல்கிறது. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கான குறைவு இல்லை, ஆனால் கிடைக்கிற பலனை ஏன் விட வேண்டும்? வாயில் வீக்கம் அடங்கினால் சுகர் கட்டுப்படவும், சுகர் கட்டுப்பட்டால் ஈறு ஆறவும் உதவி.

காசிமேடு கரையோரம்

அடுத்த முகாமுக்குக் கேமரா வாங்கலாம் என்று ஒருவர் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே பணத்தில் என்ன வாங்கினால் உபயோகம், டாக்டர்?

பெரம்பூர் ஈறு டாக்டர்

வாய்க் கண்ணாடி, நுனியில் அரை மில்லிமீட்டர் குண்டு உள்ள ப்ரோப், நல்ல வெளிச்சமுள்ள நெற்றி விளக்கு, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம் செய்ய ஒரு சின்ன ஆட்டோகிளேவ், விரல் நுனியில் சுகர் பார்க்கும் கருவியும் ஸ்ட்ரிப்பும். நுனி உருண்டையாக இருப்பதால் அந்த ப்ரோப் குத்தாது, முதலில் உங்கள் நகத்தின் மேல் வைத்துக் காட்டுங்கள், பயம் பாதி குறையும். வாய் முழுக்க அளக்கத் தேவையில்லை, சில பல்லை மட்டும் பார்த்து அனுப்பும் முறை இருக்கிறது, வருகிற பல் டாக்டருக்கு அது தெரியும். என்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துத் தர முடியும்.

காசிமேடு கரையோரம்

வாருங்கள் டாக்டர். ஏலம் முடிந்து கூட்டம் கலைகிற நேரத்துக்குப் போட்டால் ஆட்கள் நிற்பார்கள். ஹாட்ஸ்பாட் அண்ணா, உங்கள் கேமராவையும் ஒரு நாள் கொண்டு வர முடியுமா? அளந்து சீட்டு எழுதின பிறகு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் காட்டலாம்.

ஹாட்ஸ்பாட்

அது ஆபீஸ் கேமரா, வெளியே எடுத்து வர அனுமதி கேட்க வேண்டும். கேட்கிறேன். கிடைத்தால் வண்ணப்பட்டையைப் பூட்டி, எண் தெரிகிற மாதிரி வைத்துத்தான் காட்டுவேன்.